கெர்லிங் தோட்டத்தில் ஒரு ஸ்பிரிங் காவடி

எனக்கு அறிவியல் புனைகதைப் பைத்தியம் என்பது இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அதிலும் மனிதன்மேல் இயந்திரக் கவசத்தை மாட்டிவிடும் கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நோஞ்சான் சிப்பாய் ஒரு பொத்தானை அழுத்துவான். அடுத்த பக்கத்தில் பீரங்கி வண்டியைத் தூக்கி வீசிக்கொண்டிருப்பான். கடந்த பள்ளி விடுமுறையில் என் தோழி கலைவாணி, "கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்துல அந்த மாதிரி ஒண்ண ஒருத்தருக்கு மாட்டப் போறேன், வர்றியாடி?" என்று கேட்டதும், என்றைக்கு என்றுகூடக் கேட்காமல் தலையாட்டினேன். கலை ஒரு பொறியாளர். ராணுவ வீரர்கள் பாரம் சுமப்பதற்காகச் செய்த ஒரு சட்டகத்தை, எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டுபவர்களுக்காக மாற்றிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கோலாலம்பூரிலிருந்து கிளம்பினோம். நேரே கெர்லிங் போயிருக்கலாம். நான்தான் கோலா சிலாங்கூர் வழியாகச் சுற்றிப் போகலாம் என்று அடம்பிடித்தேன். அங்கே குன்றின்மேல் பழைய பீரங்கிகள் இருக்கின்றன. கவசக் கதைப் பிரியை பீரங்கியைப் பார்க்காமல் போனால் எப்படி? ஒரு பீரங்கியின்மேல் குரங்கு ஒன்று குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. பிறகு சந்தையில் ஒரு கிலோ நண்டு வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்தேன். போகிற வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டா போவது? "உலகத்துல மொதல்ல கவசம் போட்டது இதுங்கதான்டி," என்றேன். கலை சிரிக்கவில்லை.

பசியாறிய தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரேக், இரண்டு பேருக்கும் பதினோரு வெள்ளி. வழி கேட்டதும் கடைக்கார பாய், "பெஸ்தாரி ஜெயா பக்கமா போங்கம்மா. முன்னால மண் லோரி போனா முந்தாதீங்க லா, ரோடு சின்னது," என்றார். அங்கிருந்து கெர்லிங் சுமார் எழுபது கிலோமீட்டர். பாய் சொன்ன லோரி சொன்னபடியே முன்னால் வந்து நின்றது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

வழியில் கலை என் கனவை ஒவ்வொரு துண்டாகக் கழற்றினாள். பல நாட்டு ராணுவங்கள் மோட்டார் வைத்த கவசங்களைச் செய்து பார்த்திருக்கின்றனவாம். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். சத்தம் எதிரியை எழுப்பிவிடும். ஓடச் சொன்னால் காலைத் தடுக்கும். பெரும்பாலும் சோதனையோடு நின்றுபோயின. கொஞ்சமாவது பயன்பட்டவை மோட்டாரே இல்லாத எளிய சட்டகங்கள்தாம். முதுகுப் பாரம் இடுப்புப் பட்டைக்கு வந்து, காலோரக் கம்பி வழியாகத் தரையில் இறங்கிவிடும். அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆனது. தோட்டத்துக்குள் போய் அதைப் பார்க்கும் வரைக்கும்தான்.

தோட்டத்து மண்டப வாசலில் முருகேசு அண்ணனும் அவர் மனைவி லெட்சுமி அக்காவும் காத்திருந்தார்கள். அண்ணன் ராணுவத்தில் வயர்லெஸ் பெட்டி சுமந்து காடு காடாக நடந்தவர். ஓய்வு பெற்றபின் செம்பனை வெட்ட வந்தார். நீளமான அலுமினியக் கழியின் நுனியில் அரிவாள். அதை நாளெல்லாம் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். வலது தோள் போய்விட்டது. வெட்ட முடியாவிட்டால் உதிரிப்பழம் பொறுக்கத்தான் போக வேண்டும் என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொல்லிவிட்டாராம். "பாதிச் சம்பளம்கூட வராது. அதவிட, இவரு வெட்டுக்காரருன்னு பேரு எடுத்தவரு," என்றார் அக்கா. இன்று சட்டகம் உடம்போடு பொருந்தினால் மூன்று மாதம் அவரிடமே விட்டுவைப்பார்கள். பொருந்தாவிட்டால் திங்கட்கிழமை வேறு தோட்டத்துக்குப் போய்விடும்.

அண்ணன் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தரை அழுக்காகும் என்றுதான் நினைத்தோம். உள்ளே நடந்து பார்ப்பதுதானே என்று கலை வெறும் காலிலேயே குதிகால் தகட்டைக் கட்டினாள். இடுப்புப் பட்டை, முதுகுக் கம்பி, தோளுக்குமேல் வளைந்து நின்று கழியைத் தாங்கும் ஸ்பிரிங் கை. அண்ணன் கழியைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது எனக்குப் புல்லரித்தது.

"எங்கயாச்சும் வலிக்குதா அண்ணே?"

"இல்லம்மா."

"இடுப்புல அழுத்துதா?"

"ஒண்ணும் இல்ல."

எதைக் கேட்டாலும் இதே பதில்தான். கலைக்கு முகமெல்லாம் பல். தேநீருக்கு உட்காரும்போது நான் நண்டுப் பெட்டியை அக்காவிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இவரு சாப்பிட மாட்டாரும்மா. ஒரு வாரமா வீட்டுல கவிச்சியே இல்ல. காவடி இல்லையா?"

"என்ன காவடி?"

"நீங்கதானே போன தடவ சொன்னீங்க," என்று கலையைப் பார்த்தார். "காவடி மாதிரிதான் அண்ணே, பாரம் இடுப்புல உக்காந்துக்கும்னு?"

கலை மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, காவடி எடுக்குறவங்க வலிக்குதுன்னு சொல்லுவாங்களா?"

"சொன்னா அது காவடியா?"

திருநீறும் வெறும் காலும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சட்டையைத் தூக்கிப் பார்த்தால், இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் தோல் உரிந்து சிவந்திருந்தது. பட்டை அவரைவிடப் பெரிய உடம்புக்கு வெட்டியது. அப்படியே மரத்தடிக்கு அனுப்பியிருந்தால் தோளோடு இடுப்பும் போயிருக்கும். கலைக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே ஒரு சொல், அதுவும் விளக்குவதற்காக நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்.

"அண்ணே, இது காவடி இல்ல. வெறும் சட்ட. புடிக்காத சட்ட. திட்டுங்க."

முதலில் தயங்கினார். பூட்ஸைப் போட்டதும் அவருக்குள் இருந்த பட்டாளத்துக்காரர் வெளியே வந்தார். இது குத்துது, அது இழுக்குது, இந்தப் பட்டைய எந்த மடையன் வெட்டுனான், நாங்க காட்டுல நாய் மாதிரி சுமந்தப்ப இதெல்லாம் எங்க போச்சு என்று மூச்சுவிடாமல் திட்டினார். கலை ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு திருகாணியைத் திருகினாள், பஞ்சு வைத்தாள், துளை போட்டாள். மதியத்துக்குள் மரத்தடிக்குப் போய்விட்டோம். கழி உயர்ந்தது. தோள் நடுங்கவில்லை. ஒரே இழுப்பு, குலை தொப்பென்று விழுந்தது. "முதுகுல இன்னும் அரிக்குது," என்றார் அண்ணன், சிரித்துக்கொண்டே. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் படித்த கதைகளில் எத்தனையோ பேர் வானத்தில் பறந்திருக்கிறார்கள். யாரையும் இவ்வளவு மரியாதையோடு அண்ணாந்து பார்த்ததில்லை.

சட்டகம் அண்ணனிடமே இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சொந்த வண்டி வேண்டும், தோட்டத்துக்குள் பேருந்து கிடையாது. ஆபீஸில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். முள் குத்தாத காலணி அவசியம், எங்கேயும் கழற்றாதீர்கள். நண்டு வாங்குவதாக இருந்தால் கோலா சிலாங்கூரிலேயே வாங்கிவிடுங்கள்.

அந்த நண்டைத்தான் அக்கா அன்று மதியம் குழம்பு வைத்தார். ஒரு வாரப் பசியோடு நண்டுக் காலைக் கடித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அடுத்த தைப்பூசத்துக்கு இதப் போட்டுக்கிட்டே காவடி எடுக்கலாமே?" என்றேன்.

அண்ணன் ஓட்டைத் தட்டின் ஓரமாக வைத்தார்.

"அது வேற லா தங்கச்சி. அங்க எனக்கு வலிக்கணும்."