ஐந்து கட்டங்களும் ஒரு பென்சிலும்

"டீ. இல்லன்னா சுக்கு காபி. அதுவும் இல்லன்னா பால்" என்கிறார் மஹபூப் பாஷா. எதிரே டீ கொதித்துக்கொண்டிருக்கிறது.

"டீதான் கொதிக்குதே பாய், இன்னாத்துக்கு லிஸ்ட்டு?" என்று கேன்டீன் ஆல்பர்ட் தினமும் கேட்கிறார். பாஷா தினமும் மூன்றையும் சொல்கிறார்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் அவருடைய அண்ணன்களுக்குச் செருப்புக் கடை. இவர் கல்லூரியில் கம்ப்யூட்டர் துறை உதவியாளர். கடைசி ஆண்டு மாணவர்கள் அறுபத்து நான்கு பேருக்கும் ப்ராஜெக்ட் தலைப்பு பிரிப்பது இவர் வேலை. ஒவ்வொருவரும் ஐந்து தலைப்புகளை ஆசைப்பட்ட வரிசையில் எழுத வேண்டும். ஒரே தலைப்பை இருவர் கேட்டால் மதிப்பெண் கூடியவருக்கு அது போகும். மற்றவருக்கு அவருடைய அடுத்த தலைப்பைக் கம்ப்யூட்டர் பார்க்கும். ஐந்தும் போய்விட்டால், மிச்சம் கிடப்பதுதான்.

பாஷாவின் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். போர்டில் ஒட்டிய தலைப்புப் பட்டியலின் ஓரத்தில், யாரும் சொல்லாமலே குறிப்பு எழுதுவார். 'லேபில் ஏழு மணி ஆகும்.' 'முடித்துவிட்டு 5.15 பஸ் பிடிக்கலாம்.'

என் பெரியப்பாவின் ஊரான காவாந்தண்டலத்துக்கு அந்த 5.15தான் கடைசிப் பேருந்து. ஒரு நாள் அதைத் தவறவிட்டாலும் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அவர், கடைசி ஆண்டு படிக்கும் தன் மகள் தமிழ்ச்செல்வியிடம் சொல்லியிருந்தார். அக்கா, ஊர் ஏரியின் நீர்மட்டம் அளக்கும் கருவி என்ற ஒரே தலைப்பை எழுதி, மற்ற நான்கு கட்டங்களையும் காலியாக விட்டிருந்தாள். கடைசி நாளில் பாஷா கூப்பிட்டு அனுப்பினார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு விண்ணப்பம் வாங்கப் போயிருந்த நானும் கூட நின்றேன்.

"இன்னாமா, நாலு கட்டம் காலியா கீது?"

"ரெண்டாவது ஒண்ணு எழுதினா, மொதலு மேல ஆசை இல்லன்னு கம்ப்யூட்டர் நெனச்சிக்கும் சார்."

"அதுக்கு ரோஷமெல்லாம் கெடையாதுமா. மொதலு இல்லன்னு ஆன அப்பறந்தான் ரெண்டாவதையே பாக்கும். கேட்ட செருப்பு கடையில இல்லன்னா வெறுங்காலோடயா வூட்டுக்குப் போவ? ஜெகனும் ஏரியத்தான் கேட்டுக்கினு கீறான். அவன் மார்க்கு ஒசத்தி."

அக்கா, "நீங்களே எனக்குப் போட்டுடுங்க சார். யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள்.

பாஷா கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார். போர்டைக் கை காட்டினார். பென்சில் குறிப்புகளைப் பார்த்துப் பார்த்து அவள் நான்கு கட்டங்களையும் நிரப்பினாள்.

ஏரி ஜெகனுக்குப் போனது. அக்காவுக்கு இரண்டாவதாக எழுதியது கிடைத்தது: ரேஷன் கடைக்கு டோக்கன் கொடுக்கும் செயலி. 5.15 என்று குறித்திருந்த தலைப்பு. ஒரு வாரம் அவள் பாஷாவோடு பேசவில்லை.

ப்ராஜெக்ட் வேலை தொடங்கிய முதல் நாள், நான் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தபோது பாஷா கல்லூரி கேட் அருகே நின்றிருந்தார். பேருந்து ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது. அக்கா ஏறி உட்கார்ந்தாள். இவர் பக்கம் திரும்பவில்லை. பேருந்து திரும்பி மறைந்ததும் பாஷா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே போய், போர்டில் இருந்த 5.15ஐ ரப்பரால் அழித்து, 5.20 என்று எழுதினார்.