மணலின் கால்வாசி

பேசாலைக்கு அப்பால், மன்னார்த் தீவின் கரையில் உள்ள ஒரு சின்னக் கிராமத்தில் முன்பள்ளி நடத்துகிறவர் நிறஞ்சலா. ஊரில் எல்லாருக்கும் அவர் ரீச்சர். கணவர் சந்தியோகு வருசம் முழுக்க வலையோடும் மண்ணெண்ணெய் மணத்தோடும் கிடக்கிற மனிதர். ஈஸ்டர் கழிந்து கோயில் வளவில் கூத்துப் போடும் அந்த ஒரு இரவு மட்டும் அவர் இராசா. அவருடைய வரவுப் பாட்டுக்காகவே சனம் விடிய வெள்ளாப்பிலேயே பாயை விரித்து இடம் பிடிக்கும்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றின் தொடக்கத்தில் அந்தக் குரல் கரகரத்தது. கொரோனாவாக இருக்கும் என்று ஊர் ஒதுங்கிக்கொண்டது. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகும் கரகரப்பு நிற்கவில்லை. மன்னாரில் பார்த்து, கொழும்புப் பக்கம் மகரகம ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குரல்வளையில் புற்று. முழுதாக எடுத்தால் உயிர் தப்பலாம், ஆனால் இனிப் பேச்சு வராது. சத்திரசிகிச்சைக்கு மே மாதம் முதற்கிழமையில் திகதி கிடைத்தது.

“அப்ப கூத்து அதுக்கு முந்தி” என்றார் சந்தியோகு. “ஒருக்காப் பாடிப்போட்டுப் போறன்.”

நிறஞ்சலா மறுக்கவில்லை. திகதிக்கு முந்தின சனிக்கிழமை கூத்து என்று கோயில் சபையும் ஒத்துக்கொண்டது. ஆனால் கூட்டம் கூட்ட அனுமதி வேண்டும். அனுமதிக்கு, சனம் எப்படி இருக்கப்போகிறது என்று வரைபடம் கொடுக்க வேண்டும். அந்த வேலை ரீச்சரின் தலையில் விழுந்தது.

சுகாதாரப் பரிசோதகர் யசோதரன் நானாட்டான்காரர். முகக்கவசத்துக்கு மேலே களைத்த இரண்டு கண்கள்.

“மொத்த இருக்கையில கால்வாசிக்குத்தான் அனுமதி, ரீச்சர். உங்கட இடத்தில மொத்தம் எத்தினை?”

“இருக்கை ஒண்டும் இல்லை, சேர். சனம் பாய் கொண்டந்து மணலில இருக்கும்.”

“அப்ப பூச்சியம். பூச்சியத்தில கால்வாசி பூச்சியந்தான்.”

“வெளி இடம் சேர், கடற்காத்து. மூடின மண்டபத்தை விட நல்லதெல்லோ?”

“அது எனக்கு விளங்குது. சுற்றறிக்கைக்கு விளங்காது.”

நோய் மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் கத்திக்கொண்டிருந்த காலம் அது. கதவடைத்த குளிரூட்டி மண்டபத்துக்கு அனுமதி உண்டு, ஏனென்றால் அங்கே எண்ணுவதற்குக் கதிரை உண்டு. வாடைக் காற்றும் சோளகக் காற்றும் அடிக்கும் வெட்டவெளிக்கு அனுமதி இல்லை. அறிவு சொன்னதை அரசாங்கக் கந்தோர் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நிறஞ்சலா கதிரை தேடி அலைந்தார். பாதிரியார் இருக்கிற பங்குமனைக் கதிரைகளோடு பக்கத்துப் பள்ளிக்கூடக் கதிரைகளும், கலியாண வீட்டுக்கு வாடகைக்கு விடுகிறவரின் பிளாஸ்டிக் கதிரைகளும் உழவு மிசினில் வந்திறங்கின. பரிசோதகர் வந்து மொத்தத்தைப் பார்க்க வேண்டும் என்பதால், வளவு நிறைய, முழங்கால் இடிபட நெருக்கி அடுக்கினார்கள். நெருக்க நெருக்க மொத்தம் கூடும். மொத்தம் கூடினால் கால்வாசியும் கூடும். தள்ளி இருத்துவதற்கான அனுமதியை நெருக்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. யசோதரன் வந்து எண்ணினார், எழுதினார். பிறகு முக்கால்வாசிக் கதிரைகளை எடுத்துச் சுவரோரம் அடுக்கினார்கள். மிஞ்சியது நூறு.

“ஒரு வீட்டுச் சனத்தைச் சேத்து இருத்தலாமோ, சேர்? ஒரு பாயில படுக்கிற புருசனும் பெண்சாதியும்.”

“எல்லாருக்கும் இடையில ஒரு மீற்றர், ரீச்சர்.”

சந்தியோகுவின் தம்பி டிலோஜனுக்கு மந்திரி வேடம். அவன் மேடையிலிருந்து கத்தினான். “அப்ப மந்திரி ராசாவின்ர காதில ரகசியம் சொல்லுறது எப்பிடி, அண்ணி? வட்சப்பிலயோ?”

“நீ சொல்லுற ரகசியம் பேசாலை வரைக்கும் கேக்கும். தள்ளி நிண்டே சொல்லு.”

சந்தியோகு சத்தமில்லாமல் சிரித்தார். சனிக்கிழமைக்கு என்று தொண்டையை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நூறிலும் முன்வரிசை வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டிமாருக்கும் காசு தந்தவர்களுக்கும் என்றது கோயில் சபை. நிறஞ்சலா விடவில்லை. வீட்டுக்கு ஒரு கதிரை. எந்த வீட்டுக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறது. முன்வரிசையின் நடுக் கதிரை கருவாடு காயப்போடுகிற மார்த்தாவுக்கு விழுந்தது. தலைமுறை தலைமுறையாக வேலிக்கு வெளியே நின்றே கூத்துப் பார்த்த குடும்பம் அது. சபைக்காரர் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். நிறஞ்சலா வேலையை நிறுத்தவில்லை. மணலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். காற்று அழித்தது. மறுபடி போட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லொறி வந்தது. அடுத்த நாள் ஒரு பெரிய அரசியல் புள்ளி வீதி திறக்க வருகிறார், கதிரை வேண்டும் என்றார்கள் அதில் வந்தவர்கள். பங்குமனையைக் கேட்டார்கள், பள்ளிக்கூடத்தைக் கேட்டார்கள், வாடகைக்கு விட்டவரை மிரட்டினார்கள். சுவரோரம் இருந்தவற்றோடு நிற்கவில்லை. சுண்ணாம்பு வட்டங்களில் இருந்தவற்றையும் தூக்கினார்கள். நிறஞ்சலா ஒரு கதிரையின் காலைப் பிடித்து இழுத்தார்.

“விடுங்கோ அக்கா, திங்கக்கிழமை கொண்டந்து தாறம்.”

“திங்கக்கிழமை எனக்கென்னத்துக்கு?”

யசோதரனுக்குத் தொலைபேசி எடுத்தார். கதிரை இல்லையென்றால் அனுமதியும் இல்லை. தன் கையில் ஒன்றும் இல்லை என்றார் அவர். சனம் வீட்டுக் கதிரையோடு வரட்டுமா என்று நிறஞ்சலா கேட்டார். எண்ணிப் பதிந்த கதிரை அதுவல்ல என்று பதில் வந்தது. புது அனுமதி அடுத்த சனிக்கிழமைக்குக் கிடைக்கலாம்.

மறுநாள் வீதித் திறப்புப் படங்கள் முகநூலில் வந்தன. தோளோடு தோள் ஒட்டி இருந்தார்கள். முகக்கவசம் நாடியில் தொங்கியது. எந்தப் பரிசோதகரும் அங்கே மீற்றர் அளக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை என்றால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு.

“ஆஸ்பத்திரித் திகதியைப் பிந்திப் போடச் சொல்லு” என்றார் சந்தியோகு. “ஒரு கிழமைதானே.”

“இந்தத் திகதியை விட்டா பிறகு எப்ப எண்டு சொல்லேலாது எண்டவை. நாடும் பூட்டப் போகுதாம்.”

“குரல் இல்லாம நான் ஆர், நிறஞ்சலா? வள்ளத்தில போற ஒருத்தன். அவ்வளவுதானே?”

“ஓம். அந்த வள்ளத்தில போறவன் எனக்கு வேணும்.”

“ஒருக்காப் பாட விடு.”

“உங்களைக் கும்பிட்டன், கேக்காதேங்கோ.”

கோயில் சபைத் தலைவரும் வந்தார். கூத்தை நேர்ந்து போட்டால் தொண்டையைக் கோயிலின் புனிதரான அர்ச்சிஷ்டவர் பார்த்துக்கொள்வார், அவசரப்பட வேண்டாம் என்றார்.

“அர்ச்சிஷ்டவர் என்ர கதிரையளைப் பாத்துக்கொண்டாரோ?” என்று கேட்டார் நிறஞ்சலா. வந்தவர் தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனார்.

அந்த வாசலில் அவர் கேட்டது ஊரில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி. ஆனால் அதைக் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய், அரிசிப் பானையைப் பிடித்தபடி அவர் அழுதார். கூத்துக்காக மணலில் முழங்காலில் நடந்தவரும் அவர்தான், அது வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தவரும் அவர்தான். சந்தியோகு அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. பேச்சு எண்ணிக் கிடைக்கிற காலத்தில் ஒரு பகலை அப்படிச் செலவழித்தார்கள்.

கொழும்பு பஸ்ஸில் ஒருவருக்குப் பின் ஒருவராகத்தான் இருக்க விட்டார்கள். நிறஞ்சலா முன்னால், சந்தியோகு பின்னால். மதவாச்சி தாண்டும்வரை அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு முன் இருக்கைக்குக் குனிந்து, “பசிக்குதோ?” என்று கேட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டினார். நோயாளி மட்டும் உள்ளே போகலாம். கொரோனா, வேறு ஒருவருக்கும் அனுமதி இல்லை. நிறஞ்சலா பையைக் கொடுத்தார். சந்தியோகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு முகக்கவசத்துக்குள்ளால் சொன்னார்:

“நீ கடையில தண்ணி வாங்கு. ஐஸ் தண்ணி குடியாத.”

நிறஞ்சலாவுக்கு நன்றாகவே கேட்டது. “என்ன? விளங்கேல்ல” என்றார்.

“ஐஸ் தண்ணி குடியாத எண்டன்.”

“வாகனச் சத்தம். திருப்பிச் சொல்லுங்கோ.”

சந்தியோகு முகக்கவசத்தை இறக்கினார். வீதி முழுக்கக் கேட்கத் தக்கதாக, கரகரத்த குரலில் கத்தினார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி அதட்டினார்.

“கேக்கேல்லையப்பா” என்றார் நிறஞ்சலா. கண்ணீர் கவசத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“உனக்குக் காதும் போயிட்டுதோ?” என்று சிரித்துவிட்டு அவர் உள்ளே போனார்.