ஆருக்கென்று தெரியாத பெட்டி

மாலைதீவில் ஒரு தனித்தீவு. கடலுக்கு மேல் மரக்காலில் நிற்கும் வீடு, வாசலிலேயே நீச்சல் குளம். எங்கள் திருமண நாளுக்கென்று மகள் பதிவு செய்து தந்தாள். "அங்கை டொக்டர், ஒஃபிஸ் எண்டு ஒரு தெர்மினும் இல்லை அம்மா. ஒருத்தரையும் போய்ப் பாக்கத் தேவையில்லை. படுத்தெழும்பி வாங்கோ" என்றாள். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அவளுக்கு விடுமுறை என்றால் விடுமுறைதான். எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. அந்தத் திசைக்கு நான் ஏறிய விமானமெல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவிடம்தான் போனது. அம்மா போன வருடம் தவறிப்போனார். இனி அந்த வெயிலுக்கு யாரைப் பார்க்கப் போவது?

புறப்படும் கிழமை, டுசல்டோர்ஃப் வீட்டில் என் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஊருக்குக் கொண்டுபோகிற சொக்லேற், சவர்க்காரம், பால்மா, துவாய். பெட்டியைக் குளியலறைத் தராசில் ஏற்றி இறக்கி, பிதுங்கிய மூடியின் மேல் நானே ஏறி இருந்து பூட்டினேன். தூக்கிப் பார்த்த என் கணவர், "என்னப்பா, தீவிலை கடை போடப் போறமோ?" என்றார். "உங்கடை வேலையைப் பாருங்கோ" என்றேன்.

தீவில் இளநீர் தந்து வரவேற்றார்கள். தென்னை இருந்தது, கடல் இருந்தது, முதுகில் வியர்வை வழிந்தது. 'எப்ப வந்தனீங்கள், எப்ப திரும்பிப் போறியள்' என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை. எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் கேட்டார்கள். வீட்டுக்கு வந்திருக்கிறேனா, விடுதிக்கு வந்திருக்கிறேனா? செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் வாசலில் நின்றேன்.

பெட்டியைத் திறந்ததும் இவர் திகைத்துப் போனார்.

"இவ்வளவும் ஆருக்கப்பா?"

"தெரியேல்லை."

உண்மையாகவே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கிறீம் இருந்தது. அம்மாவின் பாதவெடிப்புக்கு ஒவ்வொரு முறையும் கொண்டுபோவது. 'வேறை ஒண்டும் வேண்டாம் பிள்ளை, அதை மட்டும் மறந்திடாதை' என்பார். அதை வாங்கிய நினைவே எனக்கு இல்லை. அம்மா இல்லை என்பதை ஊருக்கெல்லாம் தொலைபேசியில் சொன்னவள் நான். என் மேலேயே கோபம் வந்தது. கட்டிலில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

இவர் ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். கிறீமின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகச் சற்று நேரம் நின்றார். பிறகு தரையில் இருந்துகொண்டு, "காலைக் கொண்டாரும்" என்றார்.

"உங்களுக்கென்ன விசரோ?"

என்றாலும் நீட்டினேன். கிறீமைத் தொட்டு எடுத்தவர், என் குதிக்காலைத் திருப்பிப் பார்த்தார்.

"உமக்கும் மாமியின்ரை மாதிரியே வெடிச்சிருக்கு" என்றார்.