ஐந்நூறு எழுத்துக்குள் செல்வராணி

எங்கள் தொழிலில் ஒருவருடைய இருபது வருட உழைப்பை இருபது நிமிடத்தில் கணினிக்குள் ஏற்றிவிட வேண்டும். பின்னால் போட்டோ கொப்பிக்கு ஆள் நிற்கும்.

கண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், போன், போட்டோ கொப்பி எல்லாம் உள்ள ஒரு கொமியூனிகேஷன் கடையில் நான் தட்டச்சு செய்கிறேன். முன்பெல்லாம் வேலைக்கு மனு என்றால் ஒரு தாள் போதும். இப்போது இணையத்தளம் ஒன்றில் ‘திறன் கணக்கு’ திறக்க வேண்டுமாம். என்ன படித்தோம், எங்கே வேலை செய்தோம், என்னென்ன தெரியும் என்று பெட்டி பெட்டியாக நிரப்பி வைத்தால், வேலை கொடுப்பவர்கள் அங்கே போய்ப் பார்ப்பார்களாம். நீங்களும் நிரப்பியிருப்பீர்கள். ஏதோ ஒரு பெட்டியை வெறுமையாக விட்டதற்காகச் சிவப்பு எழுத்தில் திட்டும் வாங்கியிருப்பீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வாங்கிய திட்டுகளை ஒரு கொப்பியில் கோடு போட்டு எண்ணி வைக்கிறேன். போன மாதம் மட்டும் இருநூற்றுப் பதினாறு.

ஐந்து நட்சத்திரம்

அலவத்துகொட பாறூக் நானா கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர். ஒரே நேரத்தில் எண்ணூறு பேருக்குச் சோறு இறக்குவார். ஹோட்டல் ஒன்றில் வேலைக்காகத் திறன் கணக்குத் திறக்க வந்தார். ஒவ்வொரு திறனுக்கும் நமக்கு நாமே ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தளத்தின் சட்டம். “சமையலுக்கு எத்தனை போடட்டும் நானா?” என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “ரெண்டு போடுங்க மிஸ்” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று காலைதான் ஒருவர், ஒரு முட்டை அவித்துப் பார்த்தேயிராதவர், அதே பெட்டியில் ஐந்தும் போடச் சொல்லிவிட்டு, ஆறாவது கிடையாதா என்றும் கேட்டுவிட்டுப் போயிருந்தார். அடக்கம் உள்ளவனுக்கு இரண்டு, வாய் உள்ளவனுக்கு ஐந்து. இது என்ன அளவுகோல்? “அஞ்சே போடுவோம் நானா, உங்க சாப்பாட்டை நான் சாப்பிட்டிருக்கேன்” என்றேன். அவர் சம்மதிக்கவே இல்லை. “என்ட சோத்துக்கு நானே மார்க் போடுறதா மிஸ்? அதுக்குத்தானே ஊரையே கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்றது.”

முழுப்பெயர்

இனிச் சொல்லப்போவதெல்லாம் செல்வராணியைப் பற்றி. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பதினேழு வருடம் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவள். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. இந்த வருடம் சான்றிதழ் படித்த ஒருவரை அங்கே வைத்துவிட்டு, செல்வராணியைக் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய முழங்கால் மலை ஏற மறுக்கிறது. பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலை, வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளுக்காக ஒரு பராமரிப்பு நிலையம் திறக்கப் போகிறது. பிள்ளை வளர்த்து அனுபவமுள்ளவர்கள் தேவை. மாத முடிவுக்குள் திறன் கணக்கோடு விண்ணப்பிக்க வேண்டும். தங்கை குண்டசாலையில் இருக்கிறாள், அங்கே தங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்று வந்திருந்தாள். மாதம் முடிய இன்னும் பதினொரு நாள்.

முதல் பெட்டியை வாசித்தேன். “முழுப்பெயர்?”

“அது மாசத்துக்கு மாசம் மாறும் மிஸ். மழையில்லாட்டி பதினெட்டு, இருபது விழும். மத்ததெல்லாம் அரைப்பேர்தான்.”

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன கிலோ எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் என்பதால் சிரிக்கவில்லை. “அது இல்ல, ஐடென்டிட்டி கார்ட்ல இருக்கிற பேர்” என்றேன். கார்டை நீட்டினாள். பிள்ளைக் காம்பராவில் இருந்த பதினேழு வருடமும் ஒரு அரைப்பேர்கூட விழுந்ததில்லை என்றாள். “அப்ப அதுக்குப் பதிவு இருக்கும்தானே?” என்று கேட்டேன். தோட்டத்து வரவுப் புத்தகத்தைத்தான் செக்ரோல் என்பார்கள். அவள் சொன்னாள்: “செக்ரோல்ல கொழுந்துன்னு எழுதித்தான் மிஸ் எனக்குப் பேர் போட்டாங்க. அதனால என்னா, பிள்ளைங்களுக்குத் தெரியும்ல.”

இரண்டு நிமிடம்

கணக்குத் திறக்க, போனுக்கு ஆறு இலக்கம் வரும். இரண்டு நிமிடத்துக்குள் அதைத் தட்ட வேண்டும். செல்வராணி வீட்டில் ஒரே போன். அது கணவரோடு மலையில் இருந்தது. என் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டாள்.

“யாரு?” “நான்தாங்க.” “நான்னா யாரு?” இதிலேயே முதல் இரண்டு நிமிடம் போயிற்று. இரண்டாம் தடவை சிக்னல் போயிற்று. மூன்றாம் தடவை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தது ஏதோ விளம்பரச் செய்தியின் நம்பர். நான்காம் தடவை, மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஐந்தாம் தடவை கூட வேலை செய்தவர் வாங்கி வாசித்தார். நடுவில் “ஒரு முட்டை” என்றார், அது எட்டா சைபரா என்று நாங்கள் கேட்டு முடிப்பதற்குள் நேரம் முடிந்தது. தேயிலை மலையில் நிற்கும் மனிதனுக்கு இரண்டு நிமிடம் என்று தீர்மானித்தவர், ஒரு தடவையாவது அந்த மலையில் நின்று போன் பேசியிருப்பாரா? ஆறாம் தடவை சரிவந்தது. போனை வைப்பதற்கு முன் அந்த மனிதர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது: “விடியக்காலம் போனவ, சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்த கேக்கல, நம்பரச் சொல்லு நம்பரச் சொல்லுங்கிறா!”

பட்டியல்

செய்த தொழிலை நாமாக எழுத முடியாது. அவர்கள் வைத்திருக்கும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். மேலிருந்து கீழாக மூன்று தடவை பார்த்தேன். இருநூற்று எண்பத்து நான்கு தொழில்கள். பிள்ளைக் காம்பரா இல்லை. ‘செல்லப்பிராணி பராமரிப்பு’ இருந்தது. அதைத் தொட்டால் எதுவும் கேட்காமல் அடுத்த பக்கத்துக்கு விட்டது. ‘குழந்தை பராமரிப்பு’ என்றும் ஒன்று இருந்தது. தொட்டவுடன் சிவப்பு எழுத்து: சான்றிதழை அல்லது வேலை வழங்கியவரின் கடிதத்தை இணைக்கவும்.

பிள்ளை விஷயத்தில் சான்று கேட்பது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பதினேழு வருடத்தைச் சொல்ல ஒரு பெட்டிகூட வேண்டாமா? நான் முணுமுணுத்துக்கொண்டிருக்க, செல்வராணி திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சமாதானம் சொன்னாள்: “நாய் பாத்தேன்னே போட்டுருங்க மிஸ், நேர்ல போய்ப் பிள்ளைன்னு சொல்லிக்கிறேன்.”

கடிதம்

நான் நாய் என்று போடவில்லை. கடிதம் வாங்கி வரச் சொன்னேன். மூன்று நாள் தோட்டத்து ஒபிசுக்கு நடந்து வாங்கி வந்தாள். இரண்டே வரி. பொதுத் தொழிலாளியாகக் கடமையாற்றினார், நன்னடத்தை உடையவர். பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. “கேட்டேன் மிஸ். செக்ரோல்ல இல்லாதத எழுத ஏலாதுன்னுட்டாரு கிளாக்கர்” என்றாள்.

எனக்கு அந்தக் கிளாக்கரைத் திட்ட முடியவில்லை. இல்லாததை எழுதாதவள்தான் நானும். ஆனால் பதினேழு வருடம் ஒருத்தியைப் பிள்ளை தூக்க வைத்துவிட்டு, கொழுந்து என்று பொய் எழுதிய பேனை எது? அதைக் கேட்க யாருமில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். என்னைவிட இருபது வயது இளையவரான கடை முதலாளி நிஸ்தார், போட்டோ கொப்பி மெஷினுக்குப் பக்கத்திலிருந்து அலுத்துப் போய்ச் சொன்னார்: “கடிதம் கேட்டிச்சு, கடிதத்தக் குடுங்க அக்கா. உள்ளுக்கு என்ன ஈக்குன்னு அது வாசிக்கவா போகுது?”

புள்ளி

வாசிக்கவில்லை, ஏற்றுக்கொண்டது. அடுத்தது ‘உங்கள் அனுபவத்தை விவரிக்கவும்’ என்ற பெட்டி. ஐந்நூறு எழுத்துக்குள் எழுத வேண்டும். கடிதத்தில் இல்லாததை இதிலாவது ஏற்றிவிட நினைத்தேன். “எத்தனை பிள்ளை பாத்தீங்க?” என்று கேட்டேன். எண்ணிக்கை தெரியாது என்றாள். பேராகச் சொல்லத் தொடங்கினாள். யாருக்கு எந்த மாதத்தில் பல் முளைத்தது, யார் முட்டை மஞ்சளைத் துப்புவாள், யாரைத் தூக்கிக்கொண்டு நடந்தால்தான் தூங்குவான் என்பதும் கூடவே வந்தது. நான் பேரை மட்டும் எழுதினேன். நூற்று நாற்பத்து மூன்று. ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை.

எல்லாம் ஏறாது என்று தெரியும். என் கணக்குப்படி எழுபது பேராவது ஏற வேண்டும். நாற்பத்தெட்டோடு நின்றுவிட்டது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். செல்வராணி என்பது ஐந்து எழுத்து. தளம் அதை ஒன்பது என்கிறது. மெய்யெழுத்தின் புள்ளியை ஒன்றாகவும், கொம்பைத் தனியாகவும், காலைத் தனியாகவும் எண்ணுகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு முழு ஐந்நூறு. தமிழில் எழுதினால் கொம்புக்கும் காலுக்கும் கழித்துக்கொண்டு மிச்சம். எட்டாம் வகுப்புப் படித்த எனக்குத் தெரிந்த எழுத்துக் கணக்கு, கணினிக்குத் தெரியவில்லை.

போனில் அந்நியரிடம் பேச எனக்கு நாக்கு வராது. அன்று வந்தது. தளத்தின் உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். யாழ்ப்பாணத்துத் தமிழில் ஒரு பொடியன், மிக மரியாதையாக, “ஓம் அக்கா, சொல்லுங்கோ” என்றான். புள்ளியைப் பற்றி விளக்கினேன். செல்வராணி பக்கத்தில் நின்று, யாரை விட்டாலும் அவங்கம்மா கோவிச்சுக்குவாங்களே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவன் ஒரு வழி சொன்னான். அந்த வழியில் போனால் செல்வராணி ‘செலவராணி’ ஆகிவிடுவாள். “அக்கா, புள்ளி போடாமல் ஒருக்கால் எழுதிப் பாருங்கோவன்.”

பல்லேகல

நாற்பத்தெட்டுப் பிள்ளைகளோடு, கடைசி நாளுக்கு முதல் நாள் அனுப்பினேன். எட்டாம் நாள் நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று முழுவதும் எனக்கு எழுத்துப் பிழையாகவே வந்தது. பதினான்கு தடவை அழித்து எழுதினேன். பின்னேரம் செல்வராணி பல்லேகலவிலிருந்து நேரே கடைக்கு வந்தாள்.

அங்கே ஒரு மேடம் திறன் கணக்கை அச்செடுத்து வைத்திருந்தாராம். தளம் வாசிக்காத கடிதத்தை அவர் வாசித்துவிட்டார். பொதுத் தொழிலாளி. சான்றிதழ் இல்லை. அப்படியானால் அனுபவப் பெட்டியில் இருக்கும் இந்தப் பெயர்கள் யாருடையவை என்று கேட்டிருக்கிறார். நான் வளத்த பிள்ளைங்க என்று இவள் சொல்ல, நாற்பத்தெட்டா என்று சிரித்திருக்கிறார். இல்லை, நூற்று நாற்பத்து மூன்று என்று இவள் திருத்த, அவர் சிரிப்பை நிறுத்திவிட்டாராம். “பேப்பர் இல்லாம பிள்ளைங்களக் கையில தர ஏலாதாம் மிஸ். ஆனா அந்த ரூமக் கூட்டித் துடைக்க ஆள் வேணுமாம், நாளைக்கே வரட்டாம்.”

திருத்தம்

மூன்று மாதம் கழித்து வந்தாள். புதிய வேலையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கணக்கு முடங்கிவிடும் என்று தளம் செய்தி அனுப்பியிருந்தது. தொழிற்சாலை கொடுத்த நீல மேலங்கி போட்டிருந்தாள். அதன் தோளில் வெள்ளையாகக் காய்ந்த ஒரு கறை. குழந்தை பால் கக்கினால் அப்படித்தான் காயும்.

“கூட்டுற வேலைதானே?” என்று கேட்டேன். கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அங்கே சான்றிதழ் படித்த பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள்தான், ஆனால் பன்னிரண்டு குழந்தைகள் ஒன்றாக அழுதால் அவர்களும் சேர்ந்து அழுகிறார்கள் என்றாள். “அழுறதயெல்லாம் என் தோள்லதான் போட்டுட்டுப் போறாங்க மிஸ். காலையில ஒரு மணித்தியாலம் கூட்டுறேன், மிச்ச நேரம் தூக்குறதுதான்.”

எனக்கு ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. இந்தத் தடவை விடுவதில்லை என்று அனுபவப் பெட்டியில் ‘குழந்தை பராமரிப்பு, மூன்று மாதம்’ எனத் தட்டத் தொடங்கினேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். அதுவரை அவள் என்னைத் தொட்டதில்லை. “வேணாம் மிஸ், கும்பிட்டுக் கேக்குறேன். கூட்டுறவ பிள்ளையத் தூக்குறான்னு மேல தெரிஞ்சா, என்னைய அந்த ரூமுக்குள்ளயே விட மாட்டாங்க.”

அதை அழித்துவிட்டு, கூட்டித் துடைப்பவள் என்று தட்டினேன். இதுவரை நான் திறந்த நானூற்றுப் பத்தொன்பது கணக்குகளில், தளம் முதல் தடவையிலேயே மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே வரி, பதினேழு வருடம் பிள்ளை வளர்த்த ஒருத்திக்குக் கூட்டத் தெரியும் என்கிற அந்த வரிதான்.