டீசல் பழக்கம், பெட்ரோல் இன்ஜின்

சேலம் பக்கம் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் நான் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். சித்திரை வெயிலில் ஒருநாள் ரேடியோவில் கோகுலின் குரல் வந்தது. திருச்செங்கோட்டுப் பையன், தனியாகப் பறந்து மேலேறிக்கொண்டிருந்தான்.

“சார், சிலிண்டர் சூடு சிவப்புக் கோட்டத் தொடுதுங்க. மிக்ஸ்சர இழுத்துட்டே இருக்கறேன், எறங்கவே மாட்டேங்குது.”

என் பக்கத்தில் நின்ற பயிற்சியாளரின் முகம் வெளுத்தது. மிக்ஸ்சர் என்பது காக்பிட்டில் உள்ள சிவப்புக் குமிழ். உள்ளே தள்ளினால் பெட்ரோல் கூடும், வெளியே இழுத்தால் குறையும். முழு பவரில் மேலேறும்போது அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் சிலிண்டரின் சூட்டைத் தணிக்கிறது. அதைக் குறைத்தால் டெட்டனேஷன் வரும். சீராக எரிய வேண்டிய பெட்ரோல்-காற்றுக் கலவை திடீரென்று வெடித்துப் பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். இரைச்சலில் பைலட்டுக்கு அது கேட்கக்கூடக் கேட்காது.

பயிற்சியாளர் மைக்கை எடுத்தார். “கோகுல், மிக்ஸ்சர முழுசா உள்ள தள்ளு. பவரக் கொற. மூக்க எறக்கு.”

“தள்ளுனா இன்னுஞ் சூடாகுமுங்களே சார்?”

“சொன்னதச் செய்டா!”

சற்று நேரம் கழித்து, “சூடு எறங்குதுங்க சார்” என்றான். அவன் தரையைத் தொடும்வரை நாங்கள் இருவரும் ஓடுபாதையைப் பார்த்தபடியே நின்றோம்.

சிலிண்டரைக் கழற்றினேன். பிஸ்டன் தலையின் ஓரம் கரையான் அரித்த மரம்போலக் குழிகுழியாக இருந்தது. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும்.

மறுநாள் அவன் அப்பா வந்தார். போர்வெல் போடும் டீசல் ரிக் வண்டி வைத்திருப்பவர். வந்ததும் எகிறினார்.

“இன்ஜின ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதுங்களா? எம்பையன் உசிரு போயிருந்தா?”

பிஸ்டனை அவர் கையில் கொடுத்தேன். “சூடு ஏறுச்சுன்னு மிக்ஸ்சரக் கொறச்சிருக்கறானுங்க.”

“அது சரிதானுங்களே? வண்டி சூடானா டீசலக் கொறைன்னு நாந்தானுங்க பழக்குனேன்.”

டீசலுக்கு அது சரி என்றேன். அங்கே டீசல் குறைந்தால் சூடும் குறையும். இந்தப் பெட்ரோல் இன்ஜினில், மேலேறும்போது, நேர் எதிர்.

அவர் டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்துவிட்டார். பிஸ்டனைக் கீழே வைக்கவில்லை.

“எஞ்சாமி நாஞ் சொன்னத அப்பிடியே செஞ்சிருக்கறானுங்க” என்றார்.

கோகுல் படிக்காதவன் அல்ல. பரீட்சையில் மிக்ஸ்சர் கேள்விக்குச் சரியாகத்தான் பதில் எழுதியிருந்தான். பயம் வந்தபோது கை மட்டும் வீட்டில் பழகியதைச் செய்துவிட்டது.

இப்போதெல்லாம் புது பேட்ச் வந்தால் முதலில் ஒன்று கேட்கிறேன்: “யாரு ஊட்டுல லாரி, ரிக்கு இருக்குது?” எங்கள் பக்கத்தில் நிறையக் கைகள் உயரும். அந்தப் பிஸ்டனை முதலில் அந்தக் கைகளில்தான் கொடுக்கிறேன்.