பதினாலாம் நம்பர் டிரைவரும் தம்பியின் புதுக் காரும்

என் வீட்டுக்காரர் பதினாலாம் நம்பர் டவுன் பஸ் டிரைவர். விடுமுறைக்கு அவர் தம்பி குடும்பம் வந்தால் வருஷா வருஷம் ஒரே ஏற்பாடுதான். ஊரே லீவு போடும் நாளில் இவர் கேட்டு வாங்கி மதிய டூட்டி பார்ப்பார். என் சமையலை ஒரு பிடி பிடித்துவிட்டு எல்லோரும் அவர் பஸ்ஸிலேயே ஏரிக்குப் போவோம். டிரைவருக்குப் பின்சீட் எங்கள் மகளுக்கு. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் "இது எங்கப்பா பஸ்" என்பாள். அதைக் கேட்கத்தான் மனிதர் அந்த டூட்டியே பார்த்தார்.

இந்த வருஷம் கொழுந்தன் புதுக் காரில் வந்து இறங்கினார். மகள் செருப்புகூடப் போடாமல் ஓடி, கண்ணாடியை நாலு தடவை ஏற்றி இறக்கினாள்.

"சித்தப்பா, ஏரிக்கு இதுலயே போலாமா?"

இவர் டிப்போவுக்கு போன் போட்டார். "மதியம் பதினாலை நீயே எடுத்துக்கப்பா" என்று ஒரு டிரைவரிடம் தள்ளிவிட்டு உர்ரென்று சாப்பிட உட்கார்ந்தார்.

"இந்தக் கலர்ல தூசி அப்படியே தெரியும்டா" என்றார் தம்பியிடம். கொஞ்ச நேரம் கழித்து, "ஏசி பிள்ளைங்களுக்கு ஆகாது."

"பொறாமைப்படாம மீனைத் தின்னுங்க" என்று காதோடு சொன்னேன்.

"எனக்கென்ன பொறாமை" என்று முள்ளைத் தின்றார்.

எனக்கும் வயிறு எரியாமல் இல்லை. ஓரகத்தி கார் சாவியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எங்க வீட்ல இவ்ளோ எண்ணெய் சேர்க்கறதில்லக்கா" என்றபடி மூன்றாவது துண்டை எடுத்தாள்.

காரில் இவர் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் சைக்கிள் வந்தாலே வலது கால் தரையை மிதித்தது.

"அண்ணே, அந்தப் பக்கம் பிரேக் கிடையாது" என்றார் கொழுந்தன். எல்லோரும் சிரித்தோம். மகள்தான் அதிகம் சிரித்தாள். இவருடைய காதுமடல் சிவந்ததைப் பின்னால் இருந்து பார்த்தேன்.

ஏரியில் படகில் போனபோதும் மகள் சித்தப்பாவை ஒட்டியே இருந்தாள். இவர் கரையிலேயே நின்றுவிட்டார். திரும்பும்போது தம்பிக்கே பாவமாகிவிட்டதோ என்னவோ, சாவியை நீட்டினார். "நீ ஓட்டுண்ணே."

ஓட்டினார். வழியில் பஸ் ஸ்டாப் வந்தது. பழக்கதோஷம், காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டாள். கார் குலுங்கக் குலுங்கச் சிரிப்பு. எனக்கு அந்த இடத்திலேயே இறங்கிவிடலாம் போலிருந்தது.

"டிரைவரண்ணே, இன்னைக்கு இந்த வண்டியா?" என்று அந்த அம்மா குனிந்து பார்த்துக் கும்பிட்டாள். டீக்கடைக்காரர் உள்ளிருந்து கை காட்டினார். அங்கிருந்து கிளம்பியதும் எதிரே வந்த பஸ்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கையைத் தூக்கினார்கள்.

மகள் சீட்டுக்கு நடுவே தலையை நீட்டினாள். "வரும்போது யாருமே கை காட்டலையே. அப்பா ஓட்டினாதான் காட்டுறாங்க, பாத்தீங்களா சித்தப்பா?"

கொழுந்தன் முகம் சுண்டிப்போனது. அது என்னவென்று எனக்குத் தெரியாதா? காலையிலிருந்து என் வீட்டில் அந்த முகத்தோடுதானே குடித்தனம்.

"நிறுத்துண்ணே, நானே ஓட்டறேன்" என்றார்.

இடம் மாறினார்கள். கொஞ்ச தூரத்தில் எதிரே பதினாலாம் நம்பரே வந்தது. கொழுந்தன் முந்திக்கொண்டு கையைத் தூக்கினார். அந்த டிரைவர் அவரைப் பார்க்கவேயில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்து இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

என் வீட்டுக்காரர் தம்பியின் அந்தரத்தில் நின்ற கையை ஒரு பார்வை பார்த்தார். தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நான் அவ்வளவு நல்லவள் இல்லை. ஓரகத்தி மூக்குக்கு முன்னால் கையை நீட்டி, பஸ் மறையும்வரை ஆட்டினேன்.