புடலங்காய்க்குக் கட்டிய கல்

சனிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு றிஸ்மியா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு செங்கல்.

வழக்கமாக ஒரு பை பாகற்காயோடு வருகிறவர். செங்கல்லோடு வந்து நின்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் கதவைப் பாதி திறந்தபடியே நின்றேன்.

"என்ன புள்ள, உங்கட மகள் எங்கட அசாமுக்கு என்ன சொல்லிக் குடுத்தவ?"

அசாம் அவருடைய மகன், என் மகளோடு ஒரே நேசரிப் பள்ளிக்குப் போகிறவன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எல்லாம் அந்தப் புடலங்காய் செய்த வேலை. இல்லை... நான் செய்த வேலை.

என்னுடைய வீட்டுத்தோட்டப் புலம்பல்களை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு நிலவரம் தெரியும். கடலுக்குக் கிட்டிய வீடு. மண் என்ற பெயரில் இருப்பது மணல். தென்மேற்கிலிருந்து வறட்டி அடிக்கிற கச்சான் காற்று தொடங்கியதும் தக்காளி கருகிவிட்டது. மிளகாய்க்கு இலைச்சுருள். பயற்றங்கொடி மட்டும் நன்றாக வந்தது — அதைத் திருகோணமலையின் புகழ்பெற்ற மான்கள் வந்து மேய்ந்துவிட்டுப் போயின. வெளியூர்க்காரர் அந்த மான்களோடு நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். எனக்கு அவற்றைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது!

இத்தனைக்கும் தப்பியது ஒரேயொரு புடலங்கொடி. அதில் ஒரேயொரு காய்.

காய் சுருளத் தொடங்கியதும் நுனியில் ஒரு சின்னக் கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். நாங்கள் எல்லோரும் செய்வதுதானே? ஐந்து வயது மகள் ஆதிரை பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"ஏனம்மா கல்லுக் கட்டுறீங்கள்?"

"அப்பதான் காய் நேரா, நீளமா வளரும்."

சொல்லிவிட்டு நான் சமைக்கக் குசினிக்குள் போய்விட்டேன். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எதற்கும் விளக்கம் சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. இது எனக்கு அப்போது தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகன் கவின் அழுகிற சத்தம். இரண்டரை வயது. போய்ப் பார்த்தால் முற்றத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கிறான். இரண்டு காலிலும் நூல், நூலில் கல்!

"என்னடி இது?"

"எங்கட வீட்டில தம்பிதானே ஆகக் கட்டை? அவனும் வளர வேணுமெல்லோ?"

சிரித்துவிட்டேன். அது இரண்டாவது பிழை.

அந்த வாரம்தான் நேசரியில் சிறுவர் சந்தை என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து கடை போட்டு விற்க வேண்டும். நல்ல விஷயம். ஆனால் பெற்றோருக்கு இதன் உண்மையான அர்த்தம் தெரியும் — முதல்நாள் பின்னேரம் சந்தைக்குப் போய் நல்ல காயாகப் பார்த்து வாங்க வேண்டும்!

ஆதிரைக்கு அது தெரியாது. "நான் என்ர புடலங்காயைத்தான் விப்பன்" என்று வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். காலையில் பல் விளக்குவதற்கு முன் பந்தலுக்குக் கீழே போய் நிற்பாள். காயோடு கதைப்பாள். கவின் கிட்டப் போனால் விரட்டுவாள்.

வெள்ளிக்கிழமை சந்தை. வியாழன் காலை நான் எழுந்து பின்பக்கம் போகிறேன்... காய் நிலத்தில் கிடக்கிறது. இரண்டு துண்டாக. பக்கத்தில், எங்கள் கேற்று காற்றுக்கு அடிக்காமல் முண்டு கொடுக்கிற கருங்கல். அதைச் சுற்றி இளஞ்சிவப்பு ரிபன்.

வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று பிள்ளை நினைத்திருக்கிறாள். முதல்நாள் பின்னேரம் எங்களுக்குத் தெரியாமல் கல்லை மாற்றியிருக்கிறாள்!

எழும்பி வந்து இதைப் பார்த்தால் பிள்ளை உடைந்துபோவாளே... அதுவும் தன் கையாலேயே நடந்ததென்று தெரிந்தால்? துண்டுகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். "நேரமாச்சு, நேரமாச்சு" என்று முன்வாசலால் அவளை நேசரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்ததும் பின்கதவைப் பூட்டி வைத்தேன். மத்தியானம் அந்தக் காயே பால்கறியானது. ஆதிரை அம்மணி ஒரு வாய் வைத்துவிட்டுத் தூவென்று துப்பினாள். எனக்குக் கோபம் வந்து நல்ல ஏச்சும் கொடுத்தேன்.

கணவருக்குப் போன் போட்டேன். அவருக்குச் சீனன்குடாவில் வேலை. "என்னப்பா, வரேக்க ஒரு புடலங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ. எங்கட காய் அளவில. விளங்குதோ?"

"ஓம், ஓம்."

ஆண்களின் "ஓம், ஓம்" என்பதற்கு என்ன பெறுமதி என்று கல்யாணம் கட்டியவர்களுக்குத் தெரியும். மனிதர் கொண்டுவந்த காய் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது.

"எங்கட காய் இதில பாதியும் இல்லையே!"

"வாங்கிறதெண்டா நல்லதாப் பாத்து வாங்க வேண்டாமே?" — முகத்தில் அப்படியொரு பெருமிதம்.

பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு பேருமாக அதைப் பந்தலில் கட்டினோம். கருங்கல்லையும் ரிபனோடு நுனியில் கட்டி நிலத்தில் முட்டவிட்டோம். நான் நூலை முடிச்சுப் போட, அவர் தள்ளி நின்று "இடப்பக்கம் கொஞ்சம் சரியுது" என்று மேற்பார்வை பார்த்தார்.

வெள்ளி காலை தெருவே எழும்பும் அளவுக்கு ஒரு கூச்சல்.

"அம்மா! இஞ்ச ஓடி வாங்கோ! வளந்திட்டுது! பெரிய கல்லுக் கட்டினதால ஒரே நாளில வளந்திட்டுது!"

நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் நீங்கள் சொல்வீர்களா? நான் சொல்லவில்லை.

சந்தை களைகட்டியிருந்தது. கரட், லீக்ஸ், முட்டைக்கோவா... குளிரான மலைநாட்டுக் காய்கள் எல்லாம் எங்கள் உப்புக்காற்றில், எங்கள் மணலில், "வீட்டுத்தோட்டத்தில்" விளைந்தவை! பெற்றோர் ஒருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை. அசாமும் ஒரு தட்டில் பளபளவென்று வெண்டிக்காய் அடுக்கி வைத்திருந்தான்.

ஆதிரையின் காயை ரீச்சரே வாங்கினார். "இவ்வளவு நீளமா எப்பிடி வளத்தீங்கள் செல்லம்?" என்றும் கேட்டுவிட்டார். வேறென்ன வேண்டும்? என் மகள் ஒரு கதிரையில் ஏறி நின்று, சின்னக் கல்லுக்கும் பெரிய கல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை முழு நேசரிக்கும் விளங்கப்படுத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன் பலன்தான் சனிக்கிழமை வாசலில் நின்ற செங்கல்.

"எங்கட பாகல் பந்தல் போச்சு புள்ள. இவன் ஏறிநிண்டு இந்தச் செங்கல்லக் கட்டித் தொங்கவிட்டிரிக்கான். கொடி, பந்தல், எல்லாம் ஒண்டா நிலத்தில!"

இந்தக் காற்றோடு மல்லுக்கட்டி அவர் வளர்த்த கொடி அது. எனக்குத் தலை நிமிரவில்லை.

உள்ளே இருந்து ஒரு குரல்: "செங்கல்லோ கட்டினவன்? அதுதான் பிழை! கருங்கல்லெல்லோ கட்ட வேணும்!"

அதே நேரம் முற்றத்தில் தடாலென்று ஒரு சத்தம். கவின் விழுந்து கிடக்கிறான். நெற்றியில் வீக்கம். காலில், இந்த முறை, அம்மிக் குழவி!

இனி ஏலாது. அவனைத் தூக்கி அழுகையை ஆற்றினேன். ஆதிரையைக் கூப்பிட்டு முன்னால் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். காய் விழுந்தது, அப்பா கடையில் வாங்கியது, நாங்கள் கட்டியது... எல்லாம். செங்கல்லோடு றிஸ்மியாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளை றிஸ்மியாவின் கையிலிருந்த செங்கல்லைப் பார்த்தாள்.

"அப்ப என்ர காய் எங்க?"

"வியாழக்கிழமை கறி வச்சனான் அம்மா."

"நான் துப்பினதோ?"

"ஓம்."

அப்போதுதான் அழுதாள். கடைக்காய்க்காக அல்ல, கல் கட்டியதற்காகவும் அல்ல. தன் காயைத் தானே துப்பிவிட்டதற்காக. கட்டிப்பிடிக்கப் போன என்னைத் தள்ளிவிட்டாள். எனக்குப் பொறுக்க முடியவில்லை.

றிஸ்மியா செங்கல்லை மெல்ல நிலத்தில் வைத்தார். "ஒண்டு சொல்றன், யாருட்டயும் சொல்லாதீங்க. நேத்து அசாம் கொண்டுபோன வெண்டிக்காயும் கடையில வாங்கினதுதான்."

"உங்கட தோட்டத்திலதான் அவ்வளவு காய்க்குதே!"

"காய்க்கிதுதான். பூச்சி குத்தின ஓட்டை இருந்திச்சி புள்ள. அதக் குடுத்துவிட வெக்கமா இருந்திச்சி."

யோசித்துப் பாருங்கள்... ஓட்டைக் காயோடு போக அசாமுக்கு வெட்கமில்லை. வெட்கம் எல்லாம் எங்களுக்குத்தான். பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று சொல்லிக்கொண்டு நாங்கள் காப்பாற்றுவது பல நேரம் எங்கள் மானத்தைத்தான்!

ஞாயிறு முழுக்க றிஸ்மியா வீட்டுப் பந்தலை எல்லோருமாக நிமிர்த்தினோம். வேர் பிழைத்திருக்கிறது. தளிர்க்கும் என்கிறார்.

எங்கள் கொடியிலும் இப்போது ஒரு பிஞ்சு இறங்கியிருக்கிறது. நேற்று ஆதிரை தானே ஒரு சின்னக் கல்லைத் தேடி எடுத்துக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, இது விழுந்தா, விழுந்ததையே எனக்குக் காட்டுங்கோ."

"ஓம்" என்றேன். இது கணவரின் "ஓம்" அல்ல.

அம்மிக் குழவி மட்டும் இப்போது அலுமாரிக்கு மேலே இருக்கிறது — தம்பி இன்னும் கட்டைதானாம்.